ஏரித் தண்ணீரில் ஊறிய கை

சீழ் எடுப்பதற்கென்று நான் ஒரு முகம் வைத்திருக்கிறேன். அதில் அருவருப்பும் தெரியக் கூடாது, பரிதாபமும் தெரியக் கூடாது. நோயாளி ஊசியைப் பார்ப்பதே இல்லை, எடுப்பவளின் முகத்தைத்தான் பார்ப்பார். உதட்டைக் கொஞ்சம் சுளித்துவிட்டால் போதும், கையை இழுத்துக்கொண்டு, "வேணாம்மா, தானா ஆறிடும்" என்று எழுந்து போய்விடுவார். இந்த முகத்தை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தரவில்லை. நானே பழகிக்கொண்டது.

வேலை பொன்னேரியில், பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன லேப். வீடு பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில். அதனால் ஏரிப் பக்கத்து நோயாளிகள் எல்லாரும் என் தலையில். "உங்க ஊர் தானேம்மா, வர்ற வழியில எடுத்துட்டு வந்துடு" என்பார் எங்கள் மேனேஜர். அவர் சொல்லும் அந்த வழியில் இரண்டு இடத்தில் படகு ஏற வேண்டும், ஓரிடத்தில் புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சேற்றில் நடக்க வேண்டும். அதன் பிறகுதான் திருப்பாலைவனம் வழியாகப் போகும் பஸ். ரத்தம், சிறுநீர், சளி, சீழ் எல்லாம் என் பையில் பஸ் ஏறும். எங்கள் லேபில் கல்ச்சர் பார்க்கும் வசதி கிடையாது. மதியம் ஒரு பெட்டியில் கட்டிச் சென்னையில் இருக்கும் பெரிய லேபுக்கு ரயிலில் அனுப்பிவிடுவோம். அங்கே அதைத் தட்டில் தடவி, கிருமிக்குப் பிடித்த தீனி கொடுத்து, இதமான சூட்டில் வைத்து, என்ன கிருமி வளர்கிறது என்று பார்ப்பார்கள். எந்தக் கிருமி என்று தெரிந்தால்தான் எந்த மருந்து என்று தெரியும். அதுதான் கல்ச்சர்.

எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவில் ஒரு அக்கா. ஏரியில் கையால் தடவி இறால் பிடிப்பவள். வலையும் இல்லை, படகும் இல்லை. பறி என்னும் பனையோலைக் கூடையின் வாயைப் பல்லில் கடித்துக்கொண்டு, கழுத்தளவு தண்ணீரில் முட்டி போட்டு நகர்ந்துகொண்டே, இரண்டு கையாலும் சேற்றைத் தடவிப் போக வேண்டும். விரலில் இறால் இடித்தால் அமுக்கிப் பிடித்துப் பறியில் போட வேண்டும். விடிந்ததிலிருந்து உச்சி வெயில் வரை இதே வேலை. எங்கள் பக்கத்தில் நிறைய பெண்கள் இப்படித்தான் குடும்பத்தை ஓட்டினார்கள், ஓட்டுகிறார்கள்.

அந்த அக்காவுக்கு வலது கை நடுவிரலில் ஒரு புண். இறால் தலையில் இருக்கும் கொம்பு குத்தியது. குத்துவது புதிதல்ல, வாரத்துக்கு நாலு தடவை குத்தும். இது மட்டும் ஆறவில்லை. வீங்கியது, உடைந்தது, காய்ந்தது, மறுபடி உடைந்தது. எட்டு மாதத்தில் மூன்று டாக்டர்கள் மூன்று விதமாக மாத்திரை கொடுத்துவிட்டார்கள். இப்போது புறங்கையில் வரிசையாக இன்னும் இரண்டு கட்டி. பொன்னேரி பெரியாஸ்பத்திரி சர்ஜன் சொல்லிவிட்டார்: "எலும்புக்குப் போயிடும் போல இருக்கு. கல்ச்சர் பார்த்துட்டு ஒரு மாசத்துல வாங்க. ஒண்ணும் தெரியலன்னா விரலை எடுத்துட வேண்டியதுதான்."

தெருவில் ஆறுதல் சொல்லப் போனவர்கள், "ஒரு விரல் தானே, மத்த ஒம்போது இருக்குதே" என்றார்கள். அக்கா அவர்களை வாசலோடு அனுப்பிவிட்டாள். "நடுவிரல்லதான்டி எனக்குக் கண்ணே இருக்குது" என்று என்னிடம் சொன்னாள். "சேத்துக்குள்ள கண்ணு தெரியுமா? இந்த வெரலு தான் பாக்குது. இது பாத்து சொன்னா கட்ட வெரலு வந்து அமுக்கும். இது போச்சுன்னா நான் ஏரியில எறங்கி இன்னா பண்றது, குளிச்சிட்டு வர்றதா?"

முதல் தடவை நான்தான் போய் எடுத்தேன். ஸ்பிரிட்டால் மூன்று முறை துடைத்து, மேலே காய்ந்த பொருக்கை நீக்கி, உள்ளிருந்து வந்த சீழைச் சீல் பிரித்த புது டப்பாவில் எடுத்து மூடினேன். பாடப் புத்தகத்தில் இருப்பது போலவே செய்தேன். அன்றைக்கு எனக்கு அக்கரையில் படுக்கையில் கிடக்கும் ஒரு பெரியவருக்கு ரத்தம் எடுக்கும் வேலை இருந்தது. அக்காவின் வீட்டுக்காரர் இறால் பெட்டியை வண்டியில் கட்டிக்கொண்டு பொன்னேரி மார்க்கெட்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். டப்பாவை அவர் கையில் கொடுத்தேன்.

"அண்ணா, இத நேரா எங்க லேப் கவுன்ட்டர்ல குடுத்துடுங்க. பத்திரம். கெட்டுப்போகக் கூடாது."

"இன்னாம்மா, இது கூடவா எனக்குத் தெரியாது?" என்றார்.

மூன்றாம் நாள் ரிப்போர்ட் வந்தது. ஒன்றல்ல, ஏகப்பட்ட கிருமிகள் வளர்ந்திருக்கின்றன, மாதிரி மாசுபட்டிருக்கிறது, சரியாக எடுத்து மறுபடி அனுப்பவும். மேனேஜர் அதைக் கவுன்ட்டரில் ஆள் நிற்கும்போதே சத்தமாகப் படித்தார். "ஏரித் தண்ணியில முக்கி எடுத்தியாம்மா? உங்க ஊர்ல சுத்தம்னா என்னன்னே தெரியாது போல இருக்கே" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். எனக்குக் காது வரை சுட்டது.

சாயங்காலம் ஊருக்குப் போனதும் நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். டப்பாவை எப்படிக் கொண்டுபோனீர்கள் என்று கேட்டேன். அண்ணனுக்கு முகமெல்லாம் பெருமை.

"புது ஐஸ் வாங்கிப் போட்டேம்மா. இறாலுக்குப் போட்ட ஐஸ் கொஞ்சம் கரைஞ்சிட்டு இருந்துச்சு, அது வேணாம்னு. மேல வெச்சா வெயில் படும்னு அடியில, வெள்ளை இறாலுக்கு நடுவுல புதைச்சு எடுத்துட்டுப் போனேன். ஒரு இறால் கூட நாறல, பாத்துக்கோ."

பெட்டி குலுங்கிய குலுங்கலில் மூடி லேசாகத் திறந்திருக்கிறது. இறால்மேல் ஐஸ் கரைந்து வழிந்த தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. சென்னையில் அவர்கள் தட்டில் வளர்த்துப் பார்த்தது எங்கள் ஏரியைத்தான்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. எங்கள் ஊரில் எதுவும் கெட்டுப்போகக் கூடாது என்றால் அதற்கு ஒரே வழி ஐஸ்தான். மீன், இறால், நண்டு, கல்யாண வீட்டுப் பால் எல்லாமே ஐஸில்தான். கெட்டுப்போகக் கூடாது என்று சொன்னவள் நான். நான் பிறந்ததும் இதே ஊர்தான். ஐஸ் வேண்டாம், சட்டைப் பையில் போட்டு எடுத்துப் போங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் மேனேஜரிடம் போய் ஐஸ் பெட்டிக் கதையைச் சொன்னேன். "சார், தப்பு என்னோடது. நான் சரியா சொல்லி அனுப்பல. அந்த மனுஷன் தன்னோட இறால விட பத்திரமா அதக் கொண்டு வந்திருக்காரு. ஊருக்கு சுத்தம் தெரியாதுன்னு சொன்னீங்களே, அதத் திருப்பி எடுத்துக்குங்க."

"எப்படியோ, சாம்பிள் வீணாப் போச்சு இல்ல?"

"எப்படியோ இல்ல சார். எப்படின்னு இப்பத்தான் சொன்னேன்."

அவர் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதன் பிறகு என் ஊரைப் பற்றி என் காதுபடப் பேசவில்லை. அது போதும் என்று அப்போது நினைத்தேன்.

இரண்டாம் தடவை நானே எடுத்து நானே கொண்டுபோனேன். சர்ஜன் சொன்ன தேதிக்கு ஒன்பது நாள் இருந்தது. இந்த முறை வந்த ரிப்போர்ட்டில் ஒரே ஒரு வரி: இரண்டு நாள் வைத்துப் பார்த்ததில் எந்தக் கிருமியும் வளரவில்லை.

"வளரலன்னா கிருமி இல்லன்னு தானே அர்த்தம்? நல்ல செய்தி தானே, கொண்டுபோய்க் குடு" என்றார் மேனேஜர்.

அந்த நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனேன். அக்கா அப்போதுதான் தண்ணீரிலிருந்து ஏறியிருந்தாள். புண்ணில் பிளாஸ்டிக் பை சுற்றிக் கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறாள், அதற்குள்ளும் தண்ணீர். புடவையிலிருந்து சேறு வழிந்துகொண்டிருந்தது. பறியில் பாதிக்கும் குறைவாகத்தான் இறால்.

"இன்னா சொல்லுது உன் காயிதம்?"

"ஒண்ணும் வளரலையாம்க்கா. கிருமி இல்லன்றாங்க."

"கிருமி இல்லையா? அப்ப வழியறது இன்னா, பாயசமா?"

அக்கா பறியை இறக்கி வைத்துவிட்டு உட்கார்ந்தாள். "அங்க கொண்டுபோயி அத இன்னா தான் பண்றாங்க? வெவரமா சொல்லு."

சொன்னேன். தட்டில் தடவுவார்கள், சத்துள்ள தீனி இருக்கும், பிறகு ஒரு பெட்டிக்குள் வைப்பார்கள், உள்ளே நம் உடம்புச் சூடு அளவுக்குச் சூடு இருக்கும், அதில் கிருமி நன்றாக வளரும் என்றேன்.

அவள் பிளாஸ்டிக் பையை அவிழ்த்துவிட்டு அந்தக் கையை அப்படியே என் கன்னத்தில் வைத்தாள். உடம்பு சிலிர்த்தது. ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது.

"இதுவா உடம்புச் சூடு? என் கை என்னிக்குடி சூடா இருந்துச்சு? பொழுது விடிஞ்சா தண்ணியில கெடக்குது. வூட்டுக்கு வந்தா துணி, பாத்திரம், மறுபடியும் தண்ணி. தண்ணியில வாழறத தூக்கிட்டுப் போயி சூட்டுல வெச்சா அது எப்புடி வளரும்?"

நான் அங்கேயே மணலில் உட்கார்ந்துவிட்டேன். டிப்ளமோ படிக்கும்போது பரீட்சைக்காக மனப்பாடம் செய்த ஒரு வரி எங்கிருந்தோ எழுந்து வந்தது. மீனிலும் தண்ணீரிலும் இருக்கும் சில கிருமிகள் கை விரல்களில் புண் உண்டாக்கும், அவை உடம்புச் சூட்டில் வளராது, அதைவிடக் குறைந்த சூட்டில் வைத்து வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். எழுதி, மார்க் வாங்கி, அத்தோடு மறந்துவிட்டிருந்தேன். படிக்காத அக்கா கரையில் உட்கார்ந்தபடி அதே இடத்துக்கு வந்துவிட்டாள்.

ஆனால் எனக்குத் தெரியாவிட்டாலும் சென்னையில் டாக்டர்களுக்குத் தெரியுமே, அவர்கள் ஏன் அப்படி வைத்துப் பார்க்கவில்லை? பையிலிருந்த படிவத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன். பெயர், வயது, புண் இருக்கும் இடம் எல்லாம் சரி. அதற்குக் கீழே தொழில் என்று ஒரு கட்டம். அதில் என் கையெழுத்தில், குண்டு குண்டாக, ஹவுஸ்வைஃப்.

பெண் என்றால் அதை எழுதிவிடுவேன். கேட்பது கூட இல்லை. ஆண்கள் வந்தால் கேட்பேன்: கடலா, ஏரியா, கம்பெனியா? பெண்கள் வந்தால் பேனா தானாக ஓடும். சென்னையில் அந்தப் படிவத்தைப் பார்த்தவர்களுக்கு அக்கா யார்? வீட்டிலிருக்கும் ஒரு பெண், விரலில் ஒரு கட்டி. அவ்வளவுதான். அவர்கள் ஏன் ஏரியை நினைக்கப் போகிறார்கள்?

ஏரியில் யார் எந்த நாள் எந்த இடத்தில் வலை போடுவது என்பதற்கு எங்கள் ஊர்களில் பாடு என்று ஒரு முறை உண்டு. அதற்குப் பெயர்ப் பட்டியல் உண்டு. அதில் எல்லாம் ஆண்களின் பெயர்கள். கையால் தடவும் பெண்களுக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. சின்ன வயதிலிருந்தே எனக்கு அதில் கோபம். கல்யாண வீட்டில் கூட அதற்காகச் சண்டை போட்டவள் நான். அப்படிப்பட்ட நானே என் பேனாவால் அவளை ஏரியிலிருந்து எடுத்து வீட்டுக்குள் போட்டுப் பூட்டியிருக்கிறேன். என் அம்மாவும் இறால் தடவியவள்தான். அவள் வலது சுட்டுவிரல் மடங்காது. கெளுத்தி முள் பட்டது என்பார்கள். பல மாதம் சீழ் வடிந்து தானாக நின்றபோது விரல் விறைத்துப் போயிருந்தது. யாரும் எதையும் எடுத்து எங்கும் அனுப்பவில்லை. அந்த விரலைத்தான் பிடித்துக்கொண்டு நான் பள்ளிக்கூடம் போனேன். அன்றைக்கு என்மேல் எனக்கு வந்த வெட்கத்தை இன்றும் மறக்கவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் சென்னை டாக்டரோடு பேச வேண்டும் என்றேன்.

"நாம எடுத்து அனுப்பறவங்கம்மா. எப்படி வளர்க்கணும்னு டாக்டருக்குச் சொல்றது நம்ம வேலை இல்ல."

"எப்படி வளர்க்கணும்னு சொல்லப் போறதில்ல சார். யாரோட கைன்னு சொல்லப் போறேன்."

"என்னைக் கேட்டுத்தான் பேசணும். ரூல்ஸ் அது."

ரிப்போர்ட்டின் அடியில் எண் இருந்தது. அவர் முன்னாலேயே என் போனை எடுத்து அடித்தேன். வேலை போனால் போகட்டும் என்று சொல்லிக்கொண்டேன். நாலு பேரிடம் மாற்றி மாற்றிக் கடைசியில் கிருமி பார்க்கும் டாக்டரம்மா கிடைத்தார்.

"ஃபார்ம்ல ஹவுஸ்வைஃப்னு போட்டிருக்கே?" என்றார்.

"தப்பு மேடம். நான்தான் எழுதினேன். அவங்க ஏரியில கையால இறால் பிடிக்கறவங்க. நாளெல்லாம் கை தண்ணியிலதான்."

"இத முதல்லயே எழுதியிருந்தா?" என்று கேட்டார். திட்டவில்லை, அதுதான் வலித்தது. சீழ் போதாது, புண்ணின் விளிம்பிலிருந்து ஒரு சின்னத் துண்டு சதை வேண்டும், சர்ஜனே எடுக்கட்டும், உப்பு நீர் டப்பாவில் போட்டு அன்றைக்கே வந்துசேர வேண்டும் என்றார். குறைந்த சூட்டில் ஆறு வாரம் வரை வைத்துப் பார்ப்பதாகச் சொன்னார்.

தேதியன்று அக்காவோடு நானும் போனேன். சர்ஜன் விரலை எடுப்பதைப் பற்றித்தான் பேச ஆரம்பித்தார்.

"சார், ஒரு துண்டு சதை மட்டும் எடுத்துக் குடுங்க. ஆறு வாரம் டைம் குடுங்க. அப்புறமும் தெரியலன்னா நீங்க சொல்றதக் கேக்கறோம்."

"நீங்க யாரு?"

"சாம்பிள் எடுக்கறவ சார்."

ஏற இறங்கப் பார்த்தார். நான் விளக்கத் தொடங்கும் முன் அக்கா கையை அவர் மேஜைமேல் வைத்து, "தொட்டுப் பாருங்க டாக்டரு, சில்லுன்னு இருக்குதா?" என்றாள். அவரும் தொட்டுப் பார்த்தார். பிறகு அன்றைக்கே சதை எடுத்துக் கொடுத்தார். ஆறு வாரம் தண்ணீரில் கை வைக்கக் கூடாது என்ற கண்டிப்போடு.

மதியப் பெட்டியை நம்பவில்லை. லீவு போட்டு நானே பொன்னேரியில் ரயில் ஏறினேன். டப்பா மடியில் இருந்தது, ஐஸ் இல்லாமல். அனுப்பம்பட்டில் ஏறிய ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னாமா, அவ்ளோ பத்திரமா புடிச்சிருக்கே?" என்றார். "ஒரு விரல்" என்றேன். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். படிவத்தில் தொழில் என்ற கட்டம் கட்டைவிரல் அகலம்தான். ஏரியில் கையால் இறால் பிடிப்பவர், தினமும் ஆறு மணி நேரத்துக்குமேல் கைகள் தண்ணீரில் என்று எழுதினேன். எழுத்து கட்டத்தைத் தாண்டி ஓரம் வரை போனது.

இரண்டு நாளில் ஒன்றும் வளரவில்லை. ஒரு வாரத்திலும் இல்லை. "முளைச்சுதா?" என்று மேனேஜர் தினமும் கேட்டார். "முளைக்கும்" என்று தினமும் சொன்னேன். ஊரில், லேபு பொண்ணு நல்ல சதையை வெட்டி எடுத்துட்டுப் போயிடுச்சு என்று பேச்சு. அக்கா கரையில் உட்கார்ந்து மற்றவர்கள் தடவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தால் எதுவும் கேட்க மாட்டாள். இரண்டாம் வாரம் முடிந்தபோது, டிப்ளமோவில் படித்த ஒரே வரியை நம்பி ஒருத்தியின் பிழைப்பில் கை வைத்துவிட்டேனோ என்று பயம் வந்தது. யாரிடமும் காட்டிக்கொள்ளவில்லை.

மூன்றாம் வாரம் டாக்டரம்மாவே கூப்பிட்டார். நான் பொன்னேரி பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தேன். குறைந்த சூட்டில் வைத்ததில் வளர்ந்திருக்கிறது. உடம்புச் சூட்டில் வைத்ததில் ஒன்றுமே இல்லை. காசநோய்க் கிருமிக்கு உறவுக்காரக் கிருமியாம். ஆனால் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு ஒட்டாது. பல மாதம் மருந்து சாப்பிட வேண்டும், ஆறிவிடும், விரலை எடுக்க வேண்டியதில்லை என்றார். அத்தனை ஜனத்துக்கு நடுவில் வாய்விட்டு அழுதேன். ஒரு பூக்காரம்மா யார் போய்ட்டாங்க என்று கேட்டார்.

அக்கா அழவில்லை. முழுக்கக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"சூட்டுல வெச்சது வளரலல்ல?"

"வளரலக்கா."

"நான் சொன்னேன்ல."

மருந்து முடியப்போகும் சமயத்தில் ரத்தப் பரிசோதனைக்கு அவளே லேபுக்கு வந்தாள், அண்ணனும் கூட. விரலில் ஒரு வெளுத்த தழும்பு, அவ்வளவுதான். நன்றாக மடங்கியது. படிவம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டிருந்தது. கவுன்ட்டரில் புதிதாகச் சேர்ந்த பெண். பெயர், வயது எல்லாம் அடித்துவிட்டு அண்ணனைப் பார்த்து, "அவங்க ஹவுஸ்வைஃப் தானே?" என்று கேட்டாள். அண்ணன் பழக்கத்தில் தலையாட்டப் போனார். நான் உள்ளேயிருந்து எழுந்தேன்.

அதற்குள் அக்கா வலது கையைக் கவுன்ட்டர்மேல் விரித்து வைத்தாள், ஐந்து விரலும் தெரிய.

"இறால் புடிக்கறவ. ஏரியில, கையால. அப்புடி எழுது."

அந்தப் பெண் திரையில் மேலும் கீழும் தேடினாள். "இதுல அப்படி ஒண்ணும் இல்லக்கா. இருக்கறதுல ஒண்ணத்தான் போட முடியும்."

"இல்லன்னா சேரு" என்றாள் அக்கா. "அதுவரிக்கும் நான் இங்கயே நிக்கறேன்."

கையை எடுக்கவில்லை. நானும் போய் அவள் பக்கத்தில் நின்றேன். வரிசை பின்னால் வாசல் வரை நீண்டது. மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், பிறகு கம்ப்யூட்டர்காரருக்கு போன் போட்டார்.